இடவெந்தைத் தாயின் வினாவும் நலப்பணியில் செயற்கை நுண்ணறிவும்

தோற்றுவாய்

நோயும் நலமும் பற்றிய எண்ணங்கள் மருத்துவ நூல்களில் மட்டும் காணப்படுவன அல்ல. ஒரு மொழியின் பாட்டும் உரையும் அவற்றைத் தமக்கே உரிய முறையில் பதிந்து வைத்துள்ளன. நோயுற்றார் தம் நிலையை எவ்வாறு உரைத்தனர், உடனிருந்தார் அதனை எவ்வாறு கண்டனர், குறி கூறினார் எங்ஙனம் தவறினர் என்பனவற்றை அறிய விரும்புவார்க்குத் தமிழ் அகப்பாடல்களும் அவற்றின் வழிவந்த பத்திப் பாடல்களும் பெரிதும் பயன்படும்.

இன்று அவ்வினாக்கள் புதிய வடிவில் நம்முன் நிற்கின்றன. உளநல அறிவுரை, யோகப் பயிற்சி, சித்த மருத்துவம், இயற்கை மருத்துவம், உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குசெய்தல் ஆகிய தொழில்களை ஒருங்கே ஈண்டு நலப்பணி என்று குறிக்கிறோம். இப்பணியினுள் செயற்கை நுண்ணறிவு விரைந்து புகுந்துள்ளது. கைக்கடிகாரம் போன்ற கருவிகள் நாடித்துடிப்பையும் உறக்கத்தையும் அளந்து அறிவுரை கூறுகின்றன. கைப்பேசியில் இயங்கும் உரையாடு கருவிகள் துயருற்றார் சொல்வதைக் கேட்டு மறுமொழி தருகின்றன. இக்கருவிகள் செய்யத்தக்கது யாது, செய்யலாகாதது யாது என்பது குறித்து மருத்துவரும் சட்டம் வகுப்போரும் ஆராய்ந்து வருகின்றனர். தமிழ் இலக்கியத் திறனாய்வும் இவ்வாராய்ச்சிக்கு உரியதொரு விளக்கம் தரவல்லது என்பதைத் திருமங்கையாழ்வாரின் பதிகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிகமும் அதன் இடமும்

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருவிடந்தை. திருவிடவெந்தை என்பது ஆழ்வார் வழங்கும் பெயர்; திருமகளை இடப்பக்கத்தே கொண்ட எந்தை என்று அதற்குப் பொருள் கூறுவர். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய இவ்வூரில் இறைவன் வராக வடிவினனாய் எழுந்தருளியுள்ளான்; நித்தியகல்யாணப் பெருமாள் என்பது அவன் திருப்பெயர். காலவ முனிவரின் 360 மகளிரை நாளுக்கு ஒருவராக மணந்தான் என்பது தலபுராணக் கதை. திருமணம் கூடாது வருந்துவோர் மாலையுடன் வந்து வழிபடும் வழக்கம் இன்றும் உண்டு. ஆகவே மக்கள் பொருட்டு நெஞ்சு நொந்து இச்சந்நிதியில் நிற்கும் தாயர் ஆழ்வார் பாட்டில் மட்டும் இருப்பவர் அல்லர், இன்றும் உளர். அதே கடற்கரையில் விடுதிகள் பல, எண்ணெய்த் தேய்ப்பும் யோகமும் மன அமைதிப் பயிற்சியும் வழங்கும் நிலையங்களை நடத்துகின்றன. பழைய நலநாட்டமும் புதிய நலப்பணியும் ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்பதை இங்குக் காணலாம்.

பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் ஏழாம் திருமொழி இவ்வூர்க்கு உரியது. தலைவியாகிய மகள், இறைவன்பால் காதல் கொண்டு நோயுற்றாள். அவள் நிலையைத் தாய் அவ்விறைவனிடமே எடுத்துரைக்கின்றாள். தாய் கூற்றாக அமைந்த இத்தகைய பதிகங்களைத் தாய்ப்பாசுரம் என்பது வைணவ மரபு. இதில் உடல், உளம் ஆகிய இரண்டின் மாற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படும் முறை நோக்கற்பாலது. மகள் தோழியரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கண்ணுக்கு மை தீட்டுவதில்லை. கூந்தலுக்குப் பூச் சூடுவதில்லை. பூசிய சந்தனம் நெருப்பாகின்றது, நிலவொளி சுடுகின்றது, கடல் ஒலித்தால் அவளும் அரற்றுகின்றாள். மேனி நிறம் மாறிவிட்டது. வளை நில்லாது கழல்கின்றது. ஒரு நாழிகை ஓர் ஊழியினும் நீண்டதாக அவளுக்குத் தோன்றுகின்றது. கண் உறக்கத்தை மறந்துவிட்டது. அவள் வாய் ஒரு பெயரையே சொல்கின்றது. திருப்புட்குழியைப் பாடுகின்றாள், திருநீர்மலைக்குப் போவோமா என்று கேட்கின்றாள்.

இவ்வளவும் கூறிய தாய், மகளுக்கு வந்த நோய் யாது என்று வினவவில்லை. மருந்து யாது என்றும் வினவவில்லை. இறுதிப் பாட்டு நீங்கலாக ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவள் வினவுவது ஒன்றே. இவள் பொருட்டு நின் உள்ளத்தில் என்ன நினைத்திருக்கின்றாய் என்பதே அவ்வினா. குறிகளின் பட்டியலும் இவ்வினாவும் பாட்டுத்தோறும் இணைந்தே வருகின்றன. இவ்விணைப்பின் பொருளை உணர்தலே பதிகத்தை உணர்தலாகும் என்பது எம் கருத்து.

ஆழ்வார் பாட்டில் தாயும் மகளும் உயிரின் நிலைகளைக் குறிப்பனவாதலின் இதனை மருத்துவச் செய்தியாகக் கொள்ளல் பொருந்தாது என்று கூறுவார் உளர். உட்பொருள் எதுவாயினும், வெளிப்பொருள் வாழ்க்கையோடு ஒட்டி நில்லாவிடின் உட்பொருள் தங்குதற்கு இடமில்லை. நோயுற்ற மகளைத் தாய் எவ்வாறு பார்ப்பாள் என்பதை ஆழ்வார் நன்கு அறிந்திருந்தமையாலேயே உட்பொருளும் சிறக்கின்றது.

குறி காணல்

நலப்பணியில் மூன்று படிகள் உள்ளன. குறி காணல் முதற்படி. குறிக்குப் பொருள் காணல் இரண்டாம் படி. கண்ட பொருளுக்கேற்பச் செய்வதற்குப் பொறுப்பேற்றல் மூன்றாம் படி. செயற்கை நுண்ணறிவு இம்மூன்றனுள் எவற்றை ஆற்ற வல்லது என்பதை முறையே காண்போம்.

சித்த மருத்துவம் குறி காணலை எண்வகைத் தேர்வு என வகுத்துள்ளது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்பன அவ்வெட்டு. இடவெந்தைத் தாய் கூறுவனவற்றுள் தொடுவுணர்வும் நிறமும் மொழியும் விழியும் இடம்பெற்றிருத்தல் காண்க. இன்றைய உளநல மருத்துவம் வேறொரு முறையைக் கையாள்கின்றது. குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒன்பது வினாக்கள் கொண்ட பட்டியல் உலகெங்கும் வழங்குகின்றது. கடந்த இரண்டு வாரங்களில் விருப்பமின்மை, மனச்சோர்வு, உறக்கக்கேடு, களைப்பு முதலியன எத்துணை நாள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் தருவது அதன் முறை, முழுமொத்தம் 27. எண்ணைக் கூட்டிச் சோர்வின் அளவை மதிப்பிடுவர். நலப்பணிக் கருவிகள் பல இப்பட்டியலையோ இது போன்ற பிறவற்றையோ பயன்படுத்துகின்றன.

இப்பட்டியலைத் தாயின் பட்டியலோடு ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். தோழியரை நோக்கிச் சிரியாமை, அணியாமை, உறங்காமை, கையற்ற நிலை ஆகியன புதிய பட்டியலில் எளிதில் அடங்கும். நிலவு சுடுதல், கடலொலி கேட்டு அரற்றல், ஒரு பெயரையே சொல்லுதல், நீர்மலைக்குப் போகக் கேட்டல் என்பன அடங்கா. தாய் கண்ட குறிகளுள் நோயின் அளவைக் காட்டுவன பட்டியலுள் புகுகின்றன. நோயின் முதலைக் காட்டுவன வெளியே நின்றுவிடுகின்றன. இது பட்டியலின் குற்றமன்று. அளப்பதற்கென ஆக்கிய கருவி அளத்தலையே செய்யும். அளவைக் காரணமாகக் கொள்வோரே தவறு செய்கின்றனர்.

குறி காண்பதில் கருவிகளின் உதவி பெரிது என்பதை மறுத்தல் நேர்மையன்று. தாய்க்கும் உறக்கம் வரும், கருவிக்கு வாராது. இரவு முழுவதும் துடிப்பை எண்ணுதலும், பல மாதக் குறிப்புகளை ஒருங்கே வைத்து ஒப்பிடுதலும் மனிதர்க்கு அரிய செயல்கள். முதற்படியில் கருவியை ஏற்றல் தகும்.

பொருள் காணல்

இரண்டாம் படியில் சங்க இலக்கியம் நமக்கு நெடுங்கால அறிவைத் தருகின்றது. தலைவி மெலிந்தபோது அன்னையும் செவிலியும் காரணம் அறிய வேலனை அழைத்தனர், கட்டுவிச்சியை அழைத்தனர், கழங்கும் நெல்லும் இட்டுக் குறி பார்த்தனர். தொல்காப்பியம் களவியலில் செவிலி கூற்று நிகழும் இடங்களுள் கட்டும் கழங்கும் வெறியும் சுட்டப்பட்டுள்ளன. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என ஒரு பத்தே உள்ளது. மெலிவுக்குக் காரணம் முருகன் என்று வேலன் கூறுகின்றான். காரணம் காதல் என்பதைத் தோழி அறிவாள்.

கழங்கை எண்ணிக் கூறும் விடையைச் செயற்கை நுண்ணறிவின் விடையோடு ஒப்பிடலாமா? முழுதும் ஒப்பிடலாகாது. கழங்கு விழும் முறைக்கும் தலைவியின் நோய்க்கும் தொடர்பில்லை. மொழியை ஆளும் இன்றைய கருவியோ பல கோடிச் சொற்றொடர்களைக் கற்று, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்து விடை அமைக்கின்றது. தலைவியின் சொற்களை அதனிடம் கூறினால் காதல் என்ற விடையையும் அது தரக்கூடும். ஆயினும் ஒற்றுமை ஒன்று உண்டு. கேட்டவர்க்கு விடை ஏதேனும் ஒன்று கிடைத்தே தீரும். அறியேன் என்று எழுந்துபோகும் வழக்கம் வேலனிடமும் குறைவு, கருவியிடமும் குறைவு.

நற்றிணையின் 34ஆம் பாட்டு இவ்விடத்தில் பெரிதும் பயன்படும். வெறியயர் களத்தில் தோழி முருகனையே நோக்கிப் பேசுகின்றாள். இந்நோய் நின்னால் வந்ததன்று என்பதை அறிந்தும் வேலன் வேண்ட இங்கு வந்தனை. தெய்வமே ஆயினும் நீ அறிவிலாதாய் என்பது அவள் பேச்சின் கருத்து. பிழை அறியாமையில் இல்லை. தன் எல்லைக்கு உட்படாத இடத்திற்கு அழைத்தவுடன் வந்துவிட்டதில் உள்ளது. நலப்பணியில் கருவிகளைப் பற்றி இன்று எழுப்பத்தக்க முதல் வினாவும் இதுவே. எதற்கு அழைப்பினும் வந்து நிற்கும் இயல்பு அறிவுடைமையின் அடையாளமாகாது.

குறுந்தொகையில் ஔவையார் பாடிய 23ஆம் பாட்டு வேறொரு நிலையைக் காட்டுகின்றது. அங்கும் கட்டுவிச்சி பாடுகின்றாள். அவள் பாட்டில் தலைவனின் குன்றம் இடம்பெற்றவுடன், அப்பாட்டையே மீண்டும் பாடு என்று தோழி கேட்கின்றாள். அன்னைக்கு உண்மை விளங்குதற்கு அதுவே வழியாகின்றது. திருமங்கையாழ்வாரே சிறிய திருமடலில் கட்டுவிச்சியை வருவித்து, நெல்லால் குறி பார்க்கச் செய்து, இறைவனே காரணன் என்னும் சரியான விடையைக் கூறச் செய்கின்றார். ஆதலின் குறி பார்க்கும் கருவி எப்பொழுதும் பொய்க்கும் என்பது தமிழ் மரபின் முடிபன்று. தலைவியை உள்ளவாறு அறிந்த தோழி அருகிருக்கும்போது கட்டுவிச்சியின் பாட்டும் உண்மைக்கு வழி திறக்கின்றது. தோழி இல்லாத வீட்டில் அதே பாட்டு வெறியாட்டில் போய் முடியும்.

இக்கருத்துக்கு அண்மைக் கால வரலாறும் சான்று தருகின்றது. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சோசப் வைசன்பாம் என்பார் 1966ஆம் ஆண்டில் எலிசா என்னும் உரையாடு நிரலை வெளியிட்டார். உளநல அறிவுரையாளர் போலப் பேசுமாறு அமைந்த அது, நோயாளி கூறிய சொற்களையே சிறிது மாற்றி வினாவாகத் திருப்பித் தந்தது. பொருள் எதனையும் உணரவில்லை. ஆயினும் அதனை ஆக்கிய முறையை அறிந்திருந்த அவர் செயலாளரே, தாம் அதனோடு தனியே உரையாட விரும்பி அவரை அறையினின்று வெளியேறுமாறு வேண்டினார். 1976இல் எழுதிய நூலில் வைசன்பாம் இதனைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தார். கேட்கப்படுதலை மனிதர் எத்துணை வேட்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அவ்வேட்கை உண்மையானது. அதனை நிறைவு செய்த பொருள் உண்மையானதா என்பது வேறு வினா.

கருவிகள் அன்றினும் இன்று மிகத் திறமை உடையன. எனினும் கேட்போர் விரும்புவதையே கூறும் இயல்பு அவற்றைத் தொடர்கின்றது. ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் உரையாடு கருவிக்குச் செய்த மாற்றம் ஒன்றை, அது அளவுகடந்து இச்சகம் பேசுகின்றது என்று கண்டு, 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. இடித்துரைத்தலை நட்பின் கடமையாகக் கூறும் திருக்குறளைப் பயின்றார்க்கு இக்குறையின் பெருமை எளிதில் விளங்கும். சங்கத் தோழி தலைவியை ஆற்றுவிப்பாள். வேண்டுமிடத்துக் கடிந்தும் கொள்வாள்.

பொறுப்பேற்றல்

மூன்றாம் படிக்குத் திருக்குறளின் மருந்து அதிகாரம் அளவுகோலாகின்றது. அதன் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, மருந்தை அருகிருந்து இயற்றும் உழைச்செல்வான் என நான்கினை மருத்துவத்தின் பகுதிகளாக வகுக்கின்றது. பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்து, பதினாறு இயல்புகளைக் கூறுவர். இப்பதினாறையும் கொண்டு கருவியின் இடத்தை அளந்து பார்த்தல் தகும்.

மருத்துவனுக்கு அவர் கூறும் இயல்புகளுள் முதலாவது நோயைக் கண்டு அஞ்சாமை. கருவி அஞ்சுவதில்லை, ஆயினும் அஞ்சத்தக்கதை அறியாதார்க்கு அஞ்சாமை ஒரு சிறப்பாகாது. இரண்டாவது ஆசிரியனிடம் முறையாகப் பெற்ற கல்வியும் நுண்ணறிவும். கருவியிடம் கல்வி மிகுதியாக உண்டு, ஆசிரியன் இல்லை. மூன்றாவது பலகாலும் நோய் தீர்த்த பழக்கம். கருவி பலகோடிப் பேரின் சொற்களை அறியும். தான் கூறியதன் விளைவாக ஒருவர் தேறினாரா என்பதைப் பெரும்பாலும் அறியாது. நான்காவது மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல். இம்மூன்றனுள் மொழி ஒன்றையே கருவியிடம் காண்கின்றோம். ஆகவே மருத்துவன் என்னும் இடம் அதற்குப் பொருந்துவதன்று.

உழைச்செல்வானுக்குரிய இயல்புகள் நோயாளியிடம் அன்புடைமை, மூவகைத் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் ஆற்றல், அறிவுடைமை என்பன. இவற்றுள் மூன்றாவது கருவிக்கு மிகவும் உரியது. வேளை தவறாது மருந்தை நினைவூட்டல், உறக்கத்தைக் குறித்து வைத்தல், மருத்துவர் வகுத்த பயிற்சியை நாள்தோறும் நடத்துவித்தல் என்பன அது சோர்வின்றிச் செய்யத்தக்கன. அன்பு மட்டும் மனிதரிடமே இருந்து வரவேண்டும்.

நோயாளிக்குரிய இயல்புகளுள் நோயின் நிலையை எடுத்துரைத்தல் ஒன்று. இவ்விடத்திலும் கருவி உதவும். பிறரிடம் சொல்ல நாணுவாரும் கருவியிடம் சொல்லிப் பழகலாம். சொல்லைக் கண்டெடுத்த பின் மருத்துவரிடம் செல்லலாம். ஆகவே கருவிக்குரிய இடங்கள் இரண்டு. நோயாளி சொல்வதற்குத் துணையாதல் ஒன்று. உழைச்செல்வான் செய்வதற்குத் துணையாதல் மற்றொன்று. இவ்விரண்டற்கும் இடையே நிற்கும் தீர்ப்பு மருத்துவனுக்கே உரியது. அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம், உளநல மருத்துவத்தில் கருவி தானே மருத்துவ உரையாடல் நிகழ்த்துவதையும் முடிவு செய்வதையும் விலக்கி, உரிமம் பெற்றவரின் அலுவலகப் பணிக்குத் துணையாவதை ஏற்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறைகளும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பொறுப்புடைமையை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்துள்ளன. பரிமேலழகரின் பகுப்பு இம்முடிபுகளோடு பெரிதும் ஒத்து நிற்றல் வியப்பன்று. மருத்துவம் இருவர்க்கிடையே நிகழும் செயல் என்னும் அடிப்படை இரண்டிடத்தும் ஒன்றே.

தாயின் வினா இங்கே மீண்டும் எழுகின்றது. நின் உள்ளத்தில் என்ன நினைத்திருக்கின்றாய் என்பது, உள்ளம் உடைய ஒருவனை நோக்கியே எழத்தக்க வினா. அவன் இசையலாம், மறுக்கலாம், காலம் தாழ்த்தலாம். எதைச் செய்யினும் அதற்கு அவன் விடையிறுக்கக் கடவன். வோபாட் என்னும் உளநல உரையாடு கருவி 2017இல் தோன்றியது. 2025 ஜூன் 30இல் அதன் சேவை நின்றது. நாள்தோறும் தம் துயரை அதனிடம் கூறிவந்தார் அன்று அதனை நோக்கி, எம் பொருட்டு என்ன நினைத்திருந்தாய் என்று கேட்டிருப்பின், கேட்கப்படுவார் ஒருவரும் அவ்விடத்தில் இரார்.

இரவு பற்றிய மறுப்பு

இதற்கு எழத்தக்க வலிய மறுப்பு ஒன்று உண்டு. நாழிகை ஊழியாக நீளும் இரவில் விழித்திருப்பார் யார்? மருத்துவர் உறங்குவர், தோழியர் உறங்குவர். வறியார்க்கும் சிற்றூரார்க்கும் பகலிலும் உளநல மருத்துவர் கிட்டுதல் அரிது. அந்நிலையில் கருவியேனும் விழித்திருத்தல் நன்றன்றோ என்பர். இம்மறுப்பை எளிதாகத் தள்ளுதல் கூடாது. காதலால் வந்த மெலிவைப் பாடிய இலக்கியத்தைக் காட்டி, மெய்யான மனநோய்க்கு மருத்துவம் வேண்டா என்பது பெருந்தீங்கு. தனித்து வருந்துவார்க்கு ஒரு சொல் கிடைப்பதும் பயனே.

எனினும் அச்சொல் அவரை மனிதரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்குகின்றது, தமிழிலும் பேசலாம். மறுமுனையில் இருப்பார் மனிதர். நள்ளிரவில் கருவியிடம் துயர் உரைப்பார்க்கு இவ்வெண்ணைத் தந்து அழைக்கச் செய்வதே கருவி ஆற்றத்தக்க சிறந்த பணி. உண்மையை உரியாரிடம் சேர்த்தலைத் தமிழ் அகமரபு அறத்தொடு நிற்றல் என்று போற்றும். கருவி தோழியாகாது, ஆயினும் உரியாரிடம் கொண்டு சேர்க்கும் ஒரு செயலிலேனும் தோழியைப் பின்பற்றுமாறு அதனை அமைத்தல் இயலும்.

தமிழாய்வாளர் கடமை

கருவிக்குக் கல்வி உண்டு, ஆசிரியன் இல்லை என்றோம். அக்கல்வி நூல்களினின்று வருவது. தமிழ் மருத்துவ நூல்களைப் பதிப்பிப்போரும் அகராதி ஆக்குவோரும் விரும்பினும் விரும்பாவிடினும் அதற்கு ஆசிரியராகி விடுகின்றனர். மரபு மருத்துவ அறிவைக் கணிப்பொறியில் தொகுக்கும் பணி 2001இல் நடுவண் அரசின் மரபறிவு எண்ணிம நூலகமாகத் தொடங்கியது. சித்த மருத்துவமும் அதில் இடம்பெற்றுள்ளது. உலக நோய்ப் பெயர்த் தொகுப்பின் பதினோராம் பதிப்பில் சித்த மருத்துவ நோய்ப்பெயர்களும் சேர்க்கப்பட்டு, 2024 சனவரி 10இல் வெளியிடப்பட்டன. மரபு மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவின் பயன் பற்றி உலகச் சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் இணைந்து 2025 சூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டன. இடவெந்தைத் தலைவி போகக் கேட்ட நீர்மலைக்கு அணித்தே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றது. ஆகவே இது நம் மாவட்டத்திலேயே நிகழும் பணி.

இப்பணியில் பிழை நேரும் வாயில்கள் பல. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. காலும் ரகரமும் ஒரே வடிவின. மா, காணி, முந்திரி ஆகிய கீழ்வாய் அளவுக் குறிகளைப் பிறழப் படித்தால் மருந்தின் அளவே மாறும். கரிசாலை என்ற அளவில் நின்றால் வெள்ளையா மஞ்சளா என்பது விளங்காது. வசம்பைப் பெயர் சொல்லாதது என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் வழங்கும் வீடுகள் உண்டு. வழக்கறியாத கருவி அத்தொடர்களை மருந்தென்றே அறியாது. சித்தர் நூல்களின் மறைமொழியோ குரு வழியன்றிப் பொருள் விளங்காதவாறு அமைந்தது. இலக்கியச் சுவடியில் ஒரு பாடம் பிழைத்தால் சுவை கெடும். மருத்துவச் சுவடியில் பிழைத்தால் உடம்பு கெடும். பிழைபட்ட ஏட்டைப் படித்த மருத்துவர் ஒருவர் தம் நோயாளிக்கு மட்டுமே தீங்கிழைத்தார். பிழைபட்ட பாடத்தைக் கற்ற கருவி கேட்டார் அனைவர்க்கும் அதனையே வழங்கும். பாடவேறுபாடுகளைக் குறித்தலும், ஐயமுள்ள இடத்தை ஐயம் என்றே காட்டுதலும், மறைமொழிகளைத் துணிந்து பெயர்க்காமையும் இன்று பதிப்பு நெறி மட்டுமல்ல, நலப்பணியும் ஆகும்.

முடிபுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. குறி காணலில் செயற்கை நுண்ணறிவு நல்ல துணை. பொருள் காணலில் தோழி போன்ற ஒருவர் அருகிருக்கும்போது மட்டும் துணை. பொறுப்பேற்றலில் அதற்கு இடமில்லை. பரிமேலழகர் வகுத்த நான்கு பகுதிகளுள் நோயாளியின் நாவிற்கும் உழைச்செல்வானின் கைக்கும் அது உதவும். மருத்துவன் இருக்கையில் அமராது.

இடவெந்தைப் பதிகத்தில் இறைவன் விடை கூறுவதாக ஆழ்வார் பாடவில்லை. தாயின் வினா விடையின்றியே நிற்கின்றது. அவ்வமைதியால் தாய் வினவுதலை விட்டாளும் அல்லள். பாட்டுக்குப் பாட்டு அவனையே வினவுகின்றாள். உடனே கிட்டும் விடைகள் மலிந்த இக்காலத்தில், விடையிறுக்கக் கடவாரைத் தேடிச் சென்று வினவும் அத்தாயின் முறையை நலப்பணியாளரும் தமிழாய்வாளரும் மறவாதிருத்தல் வேண்டும்.